இப்சிலாண்டிக்காரர் பிடித்த பந்து: டெட்ராயிட்டில் நான்கு நாள்

முதல் நாள், இரவு

டெட்ராயிட் வந்து சேர்ந்தாயிற்று. தோழி வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு அம்மா ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தப் பயணமே எர்னி ஹார்வெல்லுக்காகத்தான். டெட்ராயிட் டைகர்ஸ் பேஸ்பால் அணிக்கு 42 சீசன் வர்ணனை சொன்னவர். 1998-இல் படிக்க வந்து, யாரோடும் சரியாகப் பேசத் தெரியாமல் இந்த ஊரில் தனியாக இருந்த எனக்கு, அமெரிக்காவில் முதலில் பழக்கமான குரல் அவருடையது. அம்மாவிடம் இருபத்தைந்து வருஷமாக அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை அம்மா ஆறு மாதம் தங்க வந்திருப்பதால், நேரில் கூட்டிவந்து அந்த இடங்களைக் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஆனால் காலையிலேயே மனம் கெட்டுவிட்டது. விமானம் ஏறிய ஊரில், பாதுகாப்புச் சோதனையில், கையிரண்டையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா போய் வந்ததும், வெளியே இருந்த திரையில் மனித உருவக் கோட்டுப்படத்தின் மேல் ஓரிடத்தில் மஞ்சள் கட்டம் விழுந்தது. தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். பதினைந்து நிமிஷம் ஆனது. எந்த இடத்தில் கட்டம் விழுந்தது, ஏன் விழுந்தது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது அம்மாவின் விஷயம், எழுதலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

விமானத்தில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நாங்கள் வந்து இறங்கிய இந்த டெட்ராயிட் விமான நிலையத்துக்கும் அந்தக் கூண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2009 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து இங்கே இறங்க வந்துகொண்டிருந்த நார்த்வெஸ்ட் 253 விமானத்தில் 23 வயது நைஜீரியப் பையன் ஒருவன், உள்ளாடையில் தைத்துக் கொண்டுவந்த வெடிமருந்தைக் கொளுத்தினான். தீப்பிடித்தது, ஆனால் வெடிக்கவில்லை. பக்கத்திலிருந்த பயணிகள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள், பணிப்பெண்கள் தீயை அணைத்தார்கள். விமானத்தில் ஏறத்தாழ 290 பேர். வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் சோதனையே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. நானும் அதே வானத்தில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பறக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பையனின் அப்பாவே ஒரு மாதம் முன்னால் நைஜீரியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், மகனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். பெயர் ஒரு பட்டியலில் ஏறியது, ஆனால் விமானத்தில் ஏறவிடக் கூடாதவர்களின் பட்டியலுக்கு அது போய்ச் சேரவில்லை. சொன்னதைக் கேட்டுச் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போனதுதான் கோளாறு. அதற்குப் பரிகாரமாக நாடு முழுக்க வந்ததோ எல்லாருடைய துணிக்குள்ளும் பார்க்கிற மெஷின். அந்த மெஷின் இருந்திருந்தால் அன்று மாட்டியிருப்பானா என்பது தெளிவாகத் தெரியவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2010 மார்ச்சில் சொன்னது.

அப்போது வந்த மெஷின்கள் இப்போது இருப்பவை மாதிரி கோட்டுப்படம் காட்டவில்லை. ஆளின் உடம்பையே காட்டின. வேறொரு அறையில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். படத்தைச் சேமிக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் அதே 2010-இல், ஃப்ளோரிடாவில் ஒரு நீதிமன்ற வாசலில் வைத்திருந்த அது போன்ற மெஷினில் 35,000-க்கு மேற்பட்ட படங்கள் சேமிக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அந்த வருஷம் நவம்பரில் இதே டெட்ராயிட் விமான நிலையத்தில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தடவிச் சோதித்தபோது, வயிற்றில் பொருத்தியிருந்த சிறுநீர்ப் பையின் மூடி கழன்று உடையெல்லாம் நனைந்துவிட்டது. பை இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. அப்படியே நனைந்த உடையோடு விமானத்துக்குப் போனார் அந்த மனிதர். விமான நிலையச் சோதனைகளை நடத்தும் துறையின் தலைவர் பிறகு அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

கத்திக் கத்தித்தான் மாற்றம் வந்தது. 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்களிடம் கருத்துக் கேட்காமல் இந்த விதியைக் கொண்டுவந்தது தவறு என்றது. ஆனால் மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. 2012 சட்டம் எல்லா மெஷினிலும் பொதுவான கோட்டுப்படம்தான் வர வேண்டும் என்றது. கோட்டுப்படம் காட்டும் மென்பொருள் ஏறாத எக்ஸ்ரே மெஷின்களை 2013-இல் அப்புறப்படுத்தினார்கள். இப்போது செருப்பைக்கூடக் கழற்றச் சொல்வதில்லை. எல்லாம் சரி, அந்த மஞ்சள் கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது.

தூக்கம் வருகிறது. நாளைக்கு ஹார்வெல்.

இரண்டாம் நாள்

காலையில் மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்புல் அவென்யூவும் சந்திக்கிற முக்குக்குப் போனோம். 1912-இலிருந்து 1999 வரை இங்கேதான் டைகர்ஸ் ஆடினார்கள். ஸ்டேடியத்தை 2009-க்குள் முழுக்க இடித்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் ஆடுகிற மைதானம், பச்சையாகச் செயற்கைப் புல் போட்டிருக்கிறார்கள், பழைய கொடிக்கம்பம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அம்மா அந்தக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "நம்மூர் தேர் இருக்குமே, அந்த உசரம் இருக்கும்போல" என்றார்.

1999 கோடையில் நான் இருந்தது கேஸ் அவென்யூவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன ஒரு ரேடியோவில் 760 ஏஎம் வைத்து, சாம்பார் கொதிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆட்டம் ஒன்றும் புரியாது, ஆனால் குரல் புரிந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஆள், தெற்கத்திப் பேச்சு, அவசரமே கிடையாது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் சும்மா இருப்பார். அந்த இடைவெளியில் கூட்டத்தின் இரைச்சல், கடலை விற்கிறவரின் குரல், எங்கோ ஒருவர் கை தட்டுவது எல்லாம் கேட்கும். இன்றைக்கு வர்ணனை சொல்கிறவர்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள், அந்தச் சும்மா இருத்தலை யாரிடமும் காணோம்.

பேஸ்பாலில் கோட்டுக்கு வெளியே பார்வையாளர் பக்கம் போய் விழுகிற பந்தை யார் பிடித்தாலும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். நம்ம கிரிக்கெட் மாதிரி திருப்பி எறிய வேண்டியதில்லை. அப்படிப் பந்து போகும்போதெல்லாம் ஹார்வெல், "அதை இப்சிலாண்டிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்" என்பார். அடுத்தது சாகினாக்காரர். அதற்கடுத்தது கலமசூவிலிருந்து வந்த பெண். மிச்சிகன் மாநிலத்தின் ஒவ்வொரு சின்ன ஊரும் வரும். இவருக்கு எப்படித் தெரிகிறது என்று என்னோடு தங்கியிருந்த பெண்ணிடம் கேட்டேன். "தெரியாது, அவராகச் சொல்வதுதான்" என்றாள். அவள் அப்பாவும் சின்ன வயதில் இதே கேள்வியைக் கேட்டாராம். தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று அந்த மாநிலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் ரேடியோவை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள்! தூரத்தில் புள்ளி மாதிரி தெரிகிற ஓர் ஆளை அவர் ஒன்றும் ஆராயவில்லை, விசாரிக்கவில்லை, ஓர் ஊரைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

மூன்றாவது ஸ்டிரைக்கை அடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்று ஆட்டமிழக்கிறவரை, "வழியோரத்து வீடு மாதிரி நின்றுவிட்டார்" என்பார். ஒவ்வொரு வருஷமும் வசந்தகாலத்தில் முதல் ஒலிபரப்பை, மாரிக்காலம் போயிற்று, காட்டுப்புறாவின் சத்தம் நம் தேசத்தில் கேட்கிறது என்று பைபிளில் வரும் உன்னதப்பாட்டு வரிகளோடு தொடங்குவார். டெட்ராயிட் குளிரில் ஆறு மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

அம்மாவுக்கு இதெல்லாம் உடனே பிடிபட்டது, ஏனென்றால் எங்கள் அப்பா. அருப்புக்கோட்டையில் நூல் கடை. பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டர். அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொன்னால் அப்பா நூல் எடை போடுவதை நிறுத்திவிடுவார், வந்தவர்களும் சேர்ந்து நின்று கேட்பார்கள். "உங்கப்பா இங்க வந்திருந்தா இந்த ஆளையும் கேட்டிருப்பாரு" என்றார் அம்மா.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். ஹார்வெல்லுக்குச் சின்ன வயதில் பேச்சு சரியாக வராது, நாக்குப் புரளாமல் பள்ளியில் கேலி செய்வார்கள், பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பித்தான் சரிசெய்தார்கள். அப்புறம், 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வர்ணனையாளர் உடனே தேவைப்பட, அட்லாண்டா அணியில் இருந்த ஹார்வெல்லை விட்டுக்கொடுக்க அந்த அணி ஒரு விக்கெட் கீப்பர் மாதிரியான ஆட்டக்காரரைக் கேட்டது. கிளிஃப் டாப்பர் என்ற கேட்சரைக் கொடுத்து ஹார்வெல்லை வாங்கினார்கள். ஆட்டக்காரருக்கு மாற்றாக வர்ணனையாளர் கைமாறியது பேஸ்பாலில் அந்த ஒரு தடவைதான்.

மைதானத்தில் பத்து வயதுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அம்மா குனிந்து எடுத்தார். தையல் சிவப்பு நூலில், ஒரு பக்கம் தேய்ந்து பிசிறு பிசிறாக இருந்தது. நூல் கடைக்காரர் மனைவி அல்லவா, விரலால் அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர் என்று கேட்டார். அருப்புக்கோட்டை என்றேன். அவர் பையன்கள் பக்கம் திரும்பி, அந்தப் பெயரைச் சிரமப்பட்டு உச்சரித்து, "அருப்புக்கோட்டை அம்மா பிடித்துக்கொண்டார்" என்று அறிவித்தார். நானொன்றும் அவரிடம் ஹார்வெல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள்

இன்றைக்கு கொமெரிக்கா பார்க், 2000-இல் திறந்த புது ஸ்டேடியம். நுழைவாயிலுக்கு உள்ளே ஹார்வெல்லின் சிலை இருக்கிறது. வழியில் உட்வர்ட் அவென்யூவில் பொது நூலகத்தைத் தாண்டித்தான் வந்தோம். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பேஸ்பால் புத்தகங்கள், படங்கள், அட்டைகளையெல்லாம் அந்த நூலகத்துக்குத்தான் கொடுத்தார்.

1991 சீசனோடு அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மாநிலமே கொதித்தது. அணியை வாங்கிய புது முதலாளி மைக் இலிச் 1993-இல் திரும்பக் கூப்பிட்டார். அப்புறம் 2002 வரை இருந்து தானாக ஓய்வு பெற்றார். போகச் சொன்னவர்களைப் பற்றி அவர் பொதுவில் கசப்பாகப் பேசித் திரியவில்லை. எனக்கு அது இன்றுவரை பெரிய விஷயம்.

நான் அம்மாவுக்குச் சொல்ல வந்தது 2009 செப்டம்பர். பித்தநாளத்தில் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று தெரிந்ததும் ஹார்வெல் அதை மறைக்கவில்லை. அவரே வெளியே சொன்னார், தான் போகத் தயார் என்றார். செப்டம்பர் 16 அன்று, ஆட்டத்தின் நடுவில் இதே மைதானத்துக்குள் நடந்து வந்து, 91 வயதில், மைக்கைப் பிடித்து மிச்சிகன் மக்களுக்கு நன்றி சொன்னார். தனக்கு வாய்த்தது நல்ல பயணம், அது இந்த மாநிலத்தில் முடியப்போகிறது என்பதே பாக்கியம் என்றார். இரண்டு நிமிஷம் போல இருக்கும். அழவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியது. நான் அப்போது வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தேன், கம்ப்யூட்டரில் பார்த்து அழுதது நான்தான். 2010 மே 4 அன்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, இந்தச் சிலை இருக்கும் இடத்தில்தான் உடலை வைத்தார்கள். 10,000 பேருக்கு மேல் வரிசையில் வந்தார்கள்.

அம்மா சிலையைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசன் தானே சொன்னாரா? யாரும் கேட்டுச் சொல்லலையே?" என்றார்.

"இல்லம்மா, தானேதான்."

"எப்பச் சொல்லணும்னு அவருக்குத் தோணுச்சோ அப்ப."

"ஆமாம்மா."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "முந்தாநாள் நடந்ததை நீ எழுதுறதுன்னா எழுதிக்கோ தாயி. பேரு மட்டும் போடாத" என்றார்.

எழுதுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உள்ளாடைக்குள் சிலிகான் வைத்துக்கொள்கிறார். அப்பா, தம்பி, நான், மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மாவுடன் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். தெரிந்தால் எல்லாரும் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பார். அது அவருடைய முடிவு, நாங்கள் யாரும் மறுபேச்சு பேசியதில்லை.

மஞ்சள் கட்டம் விழுந்தது அங்கேதான். அந்தப் பெண் அதிகாரி ஆங்கிலத்தில், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் கூண்டுக்கு இந்தப் பக்கம், வரிசையில். அதிகாரி கேள்வியை உரக்கத் திரும்பக் கேட்டார், என்னிடம். நானும் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேன்சர், மார்பு எடுத்தாயிற்று, செயற்கை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது எங்கள் ஊர்க் கோயிலில் வாராவாரம் பார்க்கிற ஒரு தமிழ்க் குடும்பம். எட்டு வருஷம் காத்தது எட்டு வார்த்தையில் போய்விட்டது, அதுவும் என் வாயால்.

தனி அறையில் இரண்டு பெண்கள், கையுறை, புறங்கையால் தடவினார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அம்மாவின் தோளைத் தொடப் போனேன், சோதனை முடிகிற வரை தொடக் கூடாது என்றார்கள். கையுறையை ஒரு சின்னத் துணியால் துடைத்து மெஷினில் வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, போகலாம் என்றார்கள். விமானம் கிளம்பி அரை மணி நேரம் கழித்து அம்மா கேட்ட ஒரே கேள்வி: "பின்னால நின்ன அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்குமோ?"

பாதுகாப்பு வேண்டும் என்று முதல் நாள் எழுதினேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். கேள்வியை மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்டிருந்தால் எந்த விமானத்துக்கும் ஆபத்து வந்திருக்காது. உடம்பில் செயற்கை உறுப்பு, பை, கம்பி எது இருந்தாலும் முன்கூட்டியே எழுதிய அட்டையைக் காட்டலாம். 72 மணி நேரம் முன்னால் கூப்பிட்டுச் சொல்ல உதவி எண் இருக்கிறது. தனி அறை கேட்கலாம், கூட ஆள் வைத்துக்கொள்ளலாம். பெற்றவர்களைக் கூட்டி வருகிறவர்கள் தயவுசெய்து இதை முதலிலேயே செய்துவிடுங்கள், நான் செய்யவில்லை. முகத்தைப் படமெடுக்கும் கேமராவும் இப்போது பல இடங்களில் வந்துவிட்டது; உள்நாட்டுச் சோதனை வரிசையில் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. எல்லையில் எடுக்கும் படம் வேறு கதை, அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களுடையதை 75 வருஷம் வரை வைத்திருக்கலாம் என்பது விதி. அம்மாவுக்கு வயது 72.

நான்காம் நாள்

திரும்பும் விமானம் மதியம். நேற்று இரவே அட்டையை அச்சடித்து வைத்தேன். அம்மா அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார், ஆனால் எடுக்கவில்லை. கூண்டுக்குப் போவதற்கு முன் வரிசையின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் அதிகாரியின் பக்கத்தில் தானாகவே போனார். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அம்மா இடது பக்கம் கையை வைத்து, காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல, தாழ்ந்த குரலில் ஏதோ இரண்டு மூன்று ஆங்கிலச் சொல் சொன்னார். எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்து கேட்டு, சரி என்று தலையாட்டி, தனி அறை வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். கட்டம் விழத்தான் செய்தது. சோதனையும் நடந்தது. இந்தத் தடவை ஐந்து நிமிஷம்.

இப்போது வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். டெர்மினலுக்குள்ளேயே ஓடுகிற சிவப்பு ரயில் மேலே போய்ப் போய் வருகிறது. தோழி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை அம்மா பிரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளை எந்த ஊரா இருக்கும்?"

"தெரியலையேம்மா."

"அது என்னமோ ஊர் சொன்னியே, முதல்ல."

"இப்சிலாண்டி."

"அதான்" என்று சொல்லி, ஊறுகாய் எங்கே என்று தேட ஆரம்பித்தார்.